ஓடி வந்த தகப்பன்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். "கடவுளின் அன்பு பெரிதும் விளங்குவது காத்திருப்பதிலா, தேடி வருவதிலா" என்னும் கேள்விக்கு, தேடி வருவதிலேயே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், வேதாகமத்தின் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையை எடுத்துக்கொண்டு, சொத்தில் தன் பங்கைப் பிரித்து வாங்கிப்போன இளைய மகனைத் தேடி ஆள்கூட அனுப்பாமல் வீட்டிலேயே இருந்த தகப்பனைக் காட்டி, காத்திருப்பதே அன்பின் உச்சம் என்றார். உருக்கமாகத்தான் பேசினார், ஆனால் உவமையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். பங்கையெல்லாம் அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த இடத்திலேயே மகன் தன் மன்னிப்புரையைத் தயாரித்து வைத்திருந்தான். தன்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்பது அதன் கடைசிப் பகுதி. அதை அவன் சொல்வதற்குள்ளாகவே உயர்ந்த வஸ்திரத்துக்கும் மோதிரத்துக்கும் உத்தரவு பிறந்துவிடுகிறது. இத்தனை அவசரப்படுகிறவரைக் காத்திருப்புக்கு இலக்கணமாக நிறுத்துவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அதே அதிகாரத்தில், பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். அதற்கு முந்தின உவமையில் மேய்ப்பன் தேடிப்போகும் காணாமற்போன ஆடாவது தன் குரலைக் கொடுத்திருக்கும். காசு என்ன செய்யும்? அதற்கு மனந்திரும்பத் தெரியாது, வழி கேட்கத் தெரியாது. இயேசு பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று யூத சமயத் தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுத்ததற்கு மறுமொழியாகச் சொல்லப்பட்டவை இந்த உவமைகள் என்பதையும் நடுவர் கருதவேண்டும். பாவிகள் தம்மைத் திருத்திக்கொண்டு வரட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் முறுமுறுப்புக்கே இடமிருந்திராது.

"கர்த்தர் நீடிய பொறுமையுள்ளவர்" என்று 2 பேதுரு 3:9-ஐ நண்பர் நினைவூட்டினார். மறுக்கவில்லை. ஆயினும், பொறுமை என்பது தேடுகிறவர் தேடலைக் கைவிடாதிருப்பதற்குப் பெயரேயன்றி, தேடாமல் இருப்பதற்குப் பெயரன்று. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததில் தேவனுடைய அன்பு விளங்குகிறது என்று ரோமர் 5:8-இல் பவுல் எழுதுகிறார். நாம் திருந்திய பிறகு என்று அவர் எழுதவில்லை.

அப்படி எழுத அவரைவிடத் தகுதியுள்ளவர் யார்? சவுல் என்ற பெயரோடு, இயேசுவின் வழியைப் பின்பற்றியவர்களைக் கட்டி எருசலேமுக்குக் கொண்டுவரப் பிரதான ஆசாரியரிடம் நிருபங்கள் வாங்கிக்கொண்டு, தமஸ்கு நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர் அவர். வருத்தமில்லை, திரும்பும் எண்ணமில்லை. வழியிலேதான் ஒளி அவரைச் சூழ்ந்து, பெயர் சொல்லி இருமுறை அழைக்கும் இயேசுவின் குரல் கேட்கிறது.

ஓரிடத்தில் எதிரணிக்கு இடம் கொடுக்கிறேன். அதே உவமையில், தம்பி திரும்பி வந்ததற்காக வைத்த விருந்துக்குள் வர மறுத்த மூத்த மகனைத் தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறாரே தவிர, கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவன் உள்ளே போனானா என்று உவமையும் சொல்லவில்லை. ஆகவே அன்பு பலவந்தம் செய்யாது என்று நண்பர்கள் வாதிட்டால் நானும் ஆமோதிப்பேன். ஆனால் அங்கும் வெளியே வந்தவர் தகப்பன்தான். காத்திருப்பதே உச்சம் என்றால், தமஸ்கு சாலையில் சவுலுக்காக யார், எதுவரை காத்திருந்திருக்க வேண்டும் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் விளக்கட்டும். நன்றி, வணக்கம்.