காற்றே இல்லாத நாளில் வரும் அலை

நேயர்களுக்கு வணக்கம். கன்னியாகுமரி மாவட்டக் கரையோரத்தில் சித்திரை, வைகாசியில் சில நாட்கள் வானம் வெளுத்திருக்கும், காற்றும் இருக்காது. ஆனாலும் கடல் ஏறி வந்து வள்ளத்தையும் வலையையும் இழுத்துக்கொண்டு போகும். கள்ளக்கடல் என்பார்கள். காற்று இல்லாமல் அலை எப்படி வந்தது?

காற்றில்தான் வந்தது, நம் ஊர்க் காற்றில் அல்ல. பெரிய அலை எழ மூன்று வேண்டும்: காற்று வேகமாக வீச வேண்டும், நெடுநேரம் வீச வேண்டும், தடையில்லாமல் நெடுந்தூரம் கடல்மேல் வீச வேண்டும். இந்த மூன்றும் தாராளமாகக் கிடைப்பது அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தெற்குப் பெருங்கடலில். அங்கே எழும் அலை சுமார் 6,000 கிலோமீட்டர் கடந்து குமரிக்கு வருகிறது. தண்ணீர் அங்கிருந்து வருவதில்லை, கவனியுங்கள். தண்ணீர் அங்கங்கே வட்டமடித்துவிட்டுக் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். பயணம் செய்வது ஆற்றல்.

வழியில் தேய்ந்துபோகாதா? வால்டர் மங்க் என்ற கடலியலாளரின் குழு 1963-இல் இதைத்தான் சோதித்தது. நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை, பசிபிக்கின் குறுக்கே வரிசையாக அளவீட்டு நிலையங்கள். பெரும்பாலும் தீவுகளில் வைத்தார்கள். ஹவாய்க்கு வடக்கே தீவே கிடையாது! அந்த இடத்தில் ஃப்ளிப் என்ற மிதவையை நிறுத்தினார்கள். 108 மீட்டர் நீளம். இழுத்துக்கொண்டு போகும்போது படுத்திருக்கும். இடம் வந்ததும் ஒரு முனையில் தண்ணீரை நிரப்பினால் செங்குத்தாக நிமிர்ந்துவிடும். ஏறக்குறைய 90 மீட்டர் தண்ணீருக்கடியில், மீதி மேலே. அவ்வளவு ஆழத்தில் கால் வைத்திருப்பதால் சாதாரண அலைக்கு அது அசைவதே அரிது, அதனால் அலையை நம்பி அளக்கலாம். முடிவு என்ன? புயலை விட்டு விலகிய பிறகு நீண்ட அலைகள் வழியில் இழப்பது மிகக் குறைவு.

இப்போது நான் எங்கே போனாலும் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். அலையின் உயரத்தை மட்டும் கேட்காதீர்கள், இடைவெளியைக் கேளுங்கள். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எத்தனை நொடி? ஆழ்கடலில் 20 நொடி அலையின் ஆற்றல் மணிக்கு 56 கிலோமீட்டர் போகும். 15 நொடி அலையுடையது 42 தான். ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியவர்களைப் போல, தூரம் கூடக் கூட வேகமானவர் முந்துவார். 6,000 கிலோமீட்டர் கடக்க 20 நொடி அலைக்கு நாலரை நாள், 15 நொடி அலைக்கு ஆறு நாள். ஆக, முதலில் வந்து சேர்வது நீண்ட இடைவெளி அலை. அதன் உயரம் குறைவாக இருக்கலாம், அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரே உயரமுள்ள 6 நொடி அலையைவிட 18 நொடி அலை ஆழ்கடலில் மூன்று மடங்கு ஆற்றலைச் சுமந்து வரும். கரையை நெருங்கும்போது அது இன்னும் உயரும்.

நீங்களே அளக்கலாம். உயரமான இடத்தில் நின்று ஒரு பாறையையோ கம்பத்தையோ குறி வையுங்கள். ஒரு முகடு அதைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பாருங்கள். அதை விட்டுவிட்டு அடுத்த பத்து முகடுகளை எண்ணுங்கள். பத்தாவது தாண்டும்போது ஆன நொடிகளைப் பத்தால் வகுங்கள். ஐந்தாறு நொடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. பதினைந்தைத் தாண்டினால் தொலைதூர அலை, இறங்காதீர்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவே சில நிமிடம் கடல் அடங்கியிருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதில் நொடிக் கணக்கையும் பாருங்கள்.

நேரம் நெருங்குவதாகச் சைகை வருகிறது. நீரோட்டங்களைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஒன்றே ஒன்று. அலைகள் கரையில் குவித்த தண்ணீர், மணல் திட்டின் இடைவெளி வழியே கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது; சற்றுக் கருமையாக, சாந்தமாகத் தெரியும். குளிக்க அதையே தேடிப் போவார்கள்! அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். அது அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். வணக்கம்.