தூரின் சவப்போர்வை: முதலில் சந்தேகித்தவர்கள் யார்?

[திரையில்: கறுப்புப் பின்னணியில் தாடியுள்ள ஒரு முகம்]

1898 மே மாதம். இத்தாலியின் தூரின் பேராலயத்தில் செகோண்டோ பியா என்ற வழக்கறிஞர் ஒரு பழைய துணியைப் புகைப்படம் எடுக்கிறார். வெறும் கண்ணுக்கு அதில் தெரிவது மங்கலான பழுப்பு நிழல்கள்தான். கண்ணாடித் தகட்டைக் கழுவியதும், ஒளியும் நிழலும் இடம் மாறித் தெரியும் நெகட்டிவில் மூடிய கண்களோடு ஒரு முகம் தெளிவாக எழுகிறது. துணியின் உலகப் புகழ் அன்று தொடங்கியது.

சுமார் 4.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலமுள்ள லினன் துணி. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் முன்புறமும் பின்புறமும் தலையோடு தலை சேர்ந்தாற்போல் பதிந்திருக்கின்றன. இயேசுவின் உடலைச் சுற்றிய துணி இதுவே என்று நம்புவோர் ஏராளம்.

அறிவியலுக்கும் மதத்துக்கும் நடக்கும் மல்லுக்கட்டாகவே இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புனிதப் பொருளாகப் போற்றப்படும் இந்தத் திருப்பண்டத்தின் மீது முதலில் ஐயம் கிளப்பியவர்கள் திருச்சபைக்காரர்களே.

[வரைபடம்: லிரே, ஷாம்பேரி, தூரின்]

ஐயத்துக்கு இடமில்லாமல் இந்தத் துணி வரலாற்றில் தலைகாட்டுவது 1350-களில், பிரான்சின் லிரே என்ற சிற்றூரில். ஜெஃப்ரி டி ஷார்னி என்ற படைவீரர் அங்கே நிறுவிய கோயிலில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அதற்கு முந்தைய பதின்மூன்று நூற்றாண்டுகள்? கான்ஸ்டாண்டிநோப்பிளில் இருந்தது, 1204-இல் சிலுவைப்போர் வீரர்கள் அந்நகரைக் கொள்ளையடித்தபோது வெளியேறியது என்பார்கள் ஆதரவாளர்கள். அங்கே ஒரு சவத்துணியைக் காட்டினார்கள் என்று எழுதிவைத்த வீரரும் உண்டு. ஆனால் அதுதான் இது என்று காட்ட ஓர் ஆவணமும் இல்லை.

1389-இல் துருவா நகர ஆயர் (பிஷப்) பியர் டார்சி, போப் பதவிக்கு உரிமை கோரிப் பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்த ஏழாம் கிளெமெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு முன்பிருந்த ஆயர் இதை விசாரித்ததாகவும், வரைந்த ஓவியரே ஒப்புக்கொண்டதாகவும், எல்லாம் காணிக்கைக்காக நடந்த ஏமாற்று என்றும் குற்றம் சாட்டினார். ஓவியரின் பெயரைச் சொல்லவில்லை. அந்த விசாரணையின் பதிவும் கிடைக்கவில்லை. லிரே கோயிலோடு ஆயருக்குப் பூசல் இருந்ததும் உண்மை. இருந்தாலும் கிளெமெண்டின் முடிவைப் பாருங்கள்: துணியைக் காட்டலாம், ஆனால் இது அந்தப் போர்வையின் சாயல் மட்டுமே என்று மக்களுக்கு அறிவிக்க வேண்டும். 2025-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு சாட்சியையும் சேர்த்தது. அதே நூற்றாண்டின் பேரறிஞர் நிக்கோல் ஒரேம், இவரும் பின்னாளில் ஆயரானவர், லிரே துணியைக் குருக்கள் செய்யும் மோசடிக்கு எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டிருக்கிறார்.

பிறகு 1453-இல் துணி சவோய் அரச குடும்பத்திடம் போனது. 1532-இல் ஷாம்பேரியில் தீப்பிடித்துக் கருகி ஒட்டுப்போடப்பட்டது. 1578-இல் தூரின் வந்தது.

[திரையில்: கத்தரித்த துணி முனை]

1988-இல் ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா ஆய்வகங்கள் கார்பன் காலக்கணிப்பு செய்தன, அதாவது துணியில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து அதன் வயதைக் கணித்தன. முடிவு 1260 முதல் 1390 வரை. லிரேயின் காலத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்று ஆய்வகங்களுக்கும் ஒரே மூலையிலிருந்து துணி வெட்டிக் கொடுத்ததுதான் பிழை. அந்த மூலை பின்னாளில் செப்பனிடப்பட்டது என்று 2005-இல் வேதியியலாளர் ரேமண்ட் ரோஜர்ஸ் வாதிட்டார். 2002-இல் துணியைப் பழுதுபார்த்த நெசவு வல்லுநரோ அப்படியொரு தையலைத் தாம் காணவில்லை என்றார். ஆய்வக எண்கள் ஒன்றோடொன்று சரிவர ஒத்துப்போகவில்லை என்று 2019-இல் ஒரு மறு ஆய்வு காட்டியது. அது சரியான குறைதான். ஆனால் முதல் நூற்றாண்டுத் துணி பதினான்காம் நூற்றாண்டாகத் தெரிய வேண்டுமானால் மாதிரியில் பாதிக்கும் மேல் புதிய நூலாகவோ அழுக்காகவோ இருந்திருக்க வேண்டும். நான் நம்பத் தயங்குவது அங்கேதான்.

உருவம் எப்படிப் பதிந்தது என்பதுதான் விடாப்பிடியான புதிர். 1978-இல் ஆராய்ந்த அமெரிக்கக் குழு, நிறம் இழைகளின் மேற்பரப்பில் மட்டுமே இருக்கிறது, வரைந்த தடயம் இல்லை என்றது. அவர்கள் எடுத்த மாதிரிகளையே பார்த்த நுண்ணோக்கி வல்லுநர் வால்டர் மெக்ரோன், காவி நிறமியைக் கண்டதாகச் சொல்லி முரண்பட்டார். ஆனாலும் செய்த விதம் விளங்கவில்லை என்பதால் துணியின் வயது கூடிவிடாது.

1983-இல் சவோய் குடும்பத்தவரும் இத்தாலியின் கடைசி மன்னருமான இரண்டாம் உம்பெர்த்தோ இதைத் திருத்தந்தைக்கு (போப்புக்கு) உயில் எழுதிவைத்தார். இது உண்மையான சவத்துணி என்று வத்திக்கான் அறிவித்ததில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் இதைத் திருவுருவம் என்றே அழைத்தார். மீண்டும் ஒரு கார்பன் ஆய்வுக்கு வத்திக்கான் அனுமதியும் தரவில்லை. 2002-இல் ஒட்டுகளை அகற்றியபோது திரட்டிய கருகிய நூல்களைச் சோதித்தாலே மூலை பற்றிய சச்சரவு தீரும். இனிப் புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை, உரிமையாளர் சம்மதித்தால் போதும்.