நொய்யல் கரையின் உலைக்களம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பெங்களூரில் வாழும் நாம், கன்னட நாளிதழ்களில் எஃகு ஆலையை 'உக்கு கார்கானெ' என்று குறிப்பிடுவதைப் பார்த்திருப்போம். அந்த 'உக்கு' என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் 'ஊட்ஸ்' என்று திரிந்து, தென்னிந்திய எஃகுக்குப் பெயரானது என்பது அறிஞர் பலரின் கருத்து. 1795-இல் ஆங்கில வேதியியல் அறிஞர் ஜார்ஜ் பியர்சன் அவ்வெஃகைச் சோதித்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அளித்தார். எனினும், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உலை மூட்டிய ஒரு சிற்றூரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஈரோடு மாவட்டத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடும் ஊர் இதுவே என்று ஆய்வாளர்கள் கொள்கின்றனர். சேரநாட்டுக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த பெருவழி இவ்வழியே சென்றது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் இங்கே தொடங்கிய அகழாய்வில் மணிகளும், தமிழ் பிராமி எழுத்துக் கீறிய பானை ஓடுகளும், இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. மணிகளின் அழகை எல்லாரும் பேசுகிறார்கள். என் மனம் உலைகளிடமே நிற்கிறது.

அங்கே மூசை, அதாவது உலோகம் உருக்கும் மண்கலம், கொண்டு எஃகு செய்ததற்கான சான்றும் உண்டு. அம்முறையைப் பிற்காலத்துச் சேலம் வட்டாரக் கொல்லர்களின் தொழிலிலிருந்து நாம் அறியலாம். உமி கலந்த களிமண் மூசைக்குள் கரி மிகக் குறைந்த இரும்பான தேனிரும்பின் துண்டுகளையும் ஆவாரஞ் சிராய்களையும் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, கரிநெருப்பில் வைத்து மணிக்கணக்கில் துருத்தி ஊதுவார்கள். மரத்தின் கரி இரும்பில் ஏற ஏற, அது உருகும் வெப்பநிலை தாழும். அதனால்தான் தனி இரும்பை உருக்க இயலாத அந்தச் சிறு உலையில் எஃகு உருகித் திரண்டது. ஏட்டில் படித்து வந்த அறிவல்ல இது. நெருப்பின் நிறத்தைக் கண்ணால் அளந்தவர்கள் கைவழியாகக் கொடுத்துச் சென்றது.

அவ்வூருக்கு நான் சென்றிருந்தபோது, வரப்போரம் கிடந்த இரும்புக் கிட்டம், அதாவது இரும்பை உருக்கியபின் எஞ்சும் கசடு, ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையளவுதான், ஆனால் எதிர்பாராத கனம். ஒருபுறம் துருவேறிச் சிவந்திருந்தது. மறுபுறம் கண்ணாடிபோல் கறுத்து, கொதித்தபோது எழுந்த குமிழ்கள் அப்படியே உறைந்திருந்தன. ஊருக்குக் கொண்டுவர ஆசை எழாமல் இல்லை. ஆனால் கிடந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்த கிட்டம், உலை எங்கே இருந்தது என்பதை எவருக்கும் சொல்லாது. எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு வந்தேன். அங்கே செல்லும் நேயர்களும் அவ்வாறே செய்ய வேண்டுகிறேன். வணக்கம்.