நீங்கள் வாங்காத நட்சத்திர மீன்

நேயர்களுக்கு வணக்கம். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் இது நடக்கும். காலையில் விளக்கைப் போட்டால் கண்ணாடியில் ஒரு நட்சத்திர மீன் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் வாங்காதது. லைவ் ராக் என்கிறோமே, சின்னச் சின்ன கடல் உயிர்கள் ஒட்டியிருக்க நாம் தொட்டியில் வைக்கும் கல், அதன் ஓட்டைக்குள் ஒளிந்து வந்திருக்கும். இது என்ன வகை, பவளத்தைத் தின்னுமா, எடுத்துப் போட்டுவிடலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், கைகளைப் பாருங்கள்.

நடுவில் பொத்தான் போல ஒரு வட்டம், அதிலிருந்து பாம்புக்குட்டி மாதிரி நெளியும் மெல்லிய கைகள், அந்தக் கைகளை வீசியே விறுவிறுவென்று நகர்கிறது என்றால் அது ப்ரிட்டில் ஸ்டார். சின்ன வகைகள் மிச்சம் மீதியைத் தின்று பிழைப்பவை. அவை பாட்டுக்கு இருக்கட்டும். பச்சையாகப் பெரிதாக வளர்கிற ஒன்று மட்டும் இரவில் உடலைத் தூக்கிக் குகை மாதிரி நின்று, அடியில் ஒதுங்கும் மீனைப் பிடித்துவிடும்.

நகர்வதே தெரியாமல் நகர்ந்தால்? என் தொட்டிக்கு வந்தது சுண்டுவிரல் நகம் அளவுதான். மூன்று கை நீளம், மூன்று கை குட்டை. ஏதோ மீன் கடித்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன். சில வாரம் கழித்து எண்ணினால் நான்கு நட்சத்திர மீன்கள்! நான்கிலும் அதே கோணல். அப்போதுதான் பிடிபட்டது: ஆஸ்டெரினா என்கிற இந்த வகை நடுவில் இரண்டாகப் பிரிந்து பெருகும். நீளக் கைகள் பழையவை. குட்டைக் கைகள் இப்போதுதான் முளைப்பவை.

ஒரு ராத்திரி பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். நட்சத்திர மீனுக்கு வாய் அடிப்பக்கம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அந்த அடிப்பக்கத்தை அதுவே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்! கைக்குக் கை ஒரு பள்ளம், அதில் வரிசையாகக் குழாய்க்கால்கள். நடுவில், வயிற்றையே வாய்வழியாக வெளியே விட்டு, ஈரத்தாள் போலப் பாசியின்மேல் விரித்திருந்தது. வெகுநேரம் கழித்து அதை உள்ளே இழுத்துக்கொண்டு நகர்ந்தது. இருந்த இடத்தில் பாசி போய்ச் சுத்தமாக ஒரு சின்ன வட்டம். மறுபடியும் சொல்கிறேன், அந்த வட்டத்தைத் தேடுங்கள். அது என்ன தின்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆஸ்டெரினாக்களில் பெரும்பாலானவை பாசி மேய்பவை. சில பவளத்தையும் தின்னும். பவளத்தின்மேல் ஒருமுறை கண்டதும் எடுத்து எறிந்துவிடாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் பவளத்தை மேயவும் அது வரும். நல்ல பவளத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, நகர்ந்த இடத்தில் சதை போய் வெள்ளை எலும்பு தெரிந்தால், அப்போது எடுங்கள்.

மணலுக்குள் புதைந்து வாழும் வகையைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வேறு தொட்டிக்கு மாற்றினால் அந்தப் புதுத் தொட்டியின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து மெதுவாகப் பழக்குங்கள். உப்பின் அளவு சட்டென்று மாறினால் நட்சத்திர மீன் தாங்காது. வணக்கம்.