39 டாலர் கட்டினா எழுதினவருக்குப் போகுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா என்னை விடவே இல்ல. அப்படியே படிக்கிறேன். "சார், ஆய்வேட்டுக்காக ஒரு கட்டுரை தேடினேன். சுருக்கம் மட்டும்தான் தெரியுது. முழுசாப் படிக்க 39 டாலர் கேக்குது. எப்படியாவது புரட்டிக் கட்டிடுவேன். ஆனா அந்தக் காசு எழுதினவங்களுக்குப் போகுமா?"

என்ன மனசு பாருங்க. கையில காசு இல்லாத பிள்ளை, எழுதினவருக்குப் போய்ச் சேரணுமேன்னு கவலைப்படுது. போகாதும்மா. ஒரு காசு போகாது.

ஆய்விதழ்ல கட்டுரை எழுதறவருக்கு ராயல்டி கிடையாது. அது சரியான்னு பாத்துச் சொல்ற மதிப்பீட்டாளருக்கும் பொதுவா ஒண்ணும் கிடையாது. நான் இத்தனை வருஷம் மதிப்பீடு செஞ்சதுக்குக் கிடைச்சதெல்லாம் நன்றி மெயில்தான், அதுலயும் ஒரு தடவை என் பேரைத் தப்பா அடிச்சிருந்தாங்க. 1665ல லண்டன்ல ஹென்றி ஓல்டன்பர்க் ஒரு அறிவியல் ஆய்விதழ் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்தே ஆய்வாளர் எழுதறது காசுக்காக இல்ல. இதை முதல்ல கண்டவன் நான்னு பதிவாகணும், நாலு பேர் படிக்கணும், அவ்வளவுதான் ஆசை.

அப்ப எழுதினவருக்கும் நீங்க படிக்கணும்கிறதுதான் ஆசை, உங்களுக்கும் அதே ஆசை. நடுவுல ஒரு கதவு. அந்தக் கதவைச் சுத்திப் போறதுக்கு நேர்மையான வழியே ரெண்டு மூணு இருக்கு.

முதல் வழி, நான் எப்பவும் சொல்றதுதான்: எழுதினவருக்கே மெயில் போடுங்க. சுருக்கம் இருக்கிற பக்கத்துலேயே முகவரி இருக்கும். நாலு வரி போதும். நான் யாரு, என்ன படிக்கிறேன், எந்தக் கட்டுரை, ஒரு பிரதி கிடைக்குமா. யாரோ ஒருத்தர் நம்ம கட்டுரையைத் தேடி வராங்கன்னா அன்னைக்கு அவருக்குத் தீபாவளி.

ரெண்டாவது, தலைப்பை அப்படியே தேடுபொறியில போட்டு, பல்கலைக்கழகக் களஞ்சியத்துலயோ, இதழ்ல வர்றதுக்கு முன்னாடியே எழுதினவர் தானே கட்டுரையைப் போட்டு வைக்கிற முன்பதிப்புத் தளத்துலயோ ஒரு பிரதி இருக்கான்னு பாருங்க. கிடைச்சா, பாக்க லட்சணமா இருக்காது. வரிக்கு வரி பெரிய இடைவெளி, ஓரத்துல வரி எண், படமெல்லாம் கடைசியில கொத்தா. பயப்படாதீங்க. ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதின்னு மேல போட்டிருந்தா, மதிப்பீடு முடிஞ்சு திருத்தின வடிவம்தான் அது. பக்க எண் மட்டும் வேறயா இருக்கும், மேற்கோள் காட்டும்போது கவனம்.

முன்பதிப்புன்னதும் எனக்குப் பெரெல்மான்ங்கிற கணித மேதை ஞாபகம் வந்துடும். பழைய பார்வையாளர்கள் பொறுத்துக்குங்க. 1991ல இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 'ஆர்கைவ்'ங்கிற முன்பதிப்புத் தளத்தைத் தொடங்கினார், யார் வேணா இலவசமாப் படிக்கலாம். 2002 நவம்பர்ல ரஷ்யாவிலேர்ந்து கிரிகோரி பெரெல்மான் அதுல ஒரு கட்டுரை போட்டார், அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு. 1904லேர்ந்து கணக்கு உலகத்துக்கே தண்ணி காட்டிக்கிட்டு இருந்த புவான்கரே கணிப்புங்கிற புதிர் தீர்ந்தது. எந்த இதழுக்கும் அவர் அனுப்பவே இல்ல! 2006ல கணக்குல பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வேண்டாம்னார், 2010ல அந்தப் புதிரைத் தீர்த்ததுக்கான பத்து லட்சம் டாலர் பரிசும் வேண்டாம்னார். அந்த மூணு கட்டுரையும் இன்னைக்கும் அங்கேயே இருக்கு. புரியறது வேற விஷயம். படிக்கக் காசு கேக்காது.

'அப்ப எல்லா இதழும் இலவசமாப் படிக்கத் திறந்துடலாமே'ன்னு கேப்பீங்க. திறக்கறாங்க, பல இடத்துல பில் எழுதறவர் பக்கம் வருது. ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோன்னு 2020ல 'நேச்சர்' ஆய்விதழ் அறிவிச்சது. எழுதறவர்கிட்டயும் படிக்கிறவர்கிட்டயும் வாங்காத இதழ்களும் இருக்கு, வைர வழின்னு பேரு. அது தனியா ஒரு மணி நேரம் பேச வேண்டியது.

இப்ப, நீங்க கேக்காத ஒரு கேள்வி. அதைத்தான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருக்கேன். படிக்கக் கிடைச்சிடுச்சு, சரி. அதை வெச்சு என்ன செய்யலாம்? பாடம் நடத்தலாமா? மொழிபெயர்க்கலாமா?

2002ல புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கம்னா என்னன்னு சொல்லும்போது, படிக்கிறதோட நிறுத்தல. இறக்கலாம், நகல் எடுக்கலாம், பரப்பலாம், சட்டத்துக்கு உட்பட்ட எதுக்கும் பயன்படுத்தலாம்னு எழுதினாங்க. இலவசமாக் கிடைக்கிறதெல்லாம் இந்த அளவுக்குத் திறந்தது இல்ல. பிடிஎஃப் முதல் பக்கத்துல அடியில பொடி எழுத்துல, என்ன செய்யலாம்னு சொல்ற உரிமம் ஒரு வரியில இருக்கும். 'சிசி பை'ன்னு (சிசின்னா கிரியேட்டிவ் காமன்ஸ்) மட்டும் இருந்தா, பேர் சொல்லிட்டுத் தாராளமா மொழிபெயர்க்கலாம். அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகம் 2001ல அறிவிச்ச திறந்த பாடங்கள்ல 'பை என்சி எஸ்ஏ'ன்னு இருக்கும். மொழிபெயர்க்கலாம், வியாபாரம் கூடாது, உங்க மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்துல விடணும். கடைசியில 'என்டி'ன்னு இருந்தா நில்லுங்க. மாத்தினதைப் பகிரக் கூடாது, மொழிபெயர்ப்பும் மாத்தினதுதான். உங்களுக்காகச் செஞ்சு வீட்டுல வெச்சுக்கலாம்.

அந்த ரெண்டு எழுத்தைப் பாக்காம ஒருத்தர் ஒரு புத்தகத்துல ரெண்டு அத்தியாயத்தைத் தமிழாக்கி, மாணவர்களுக்கு அனுப்பப் போற நேரத்துல பாத்தார். நான்தான் அந்த ஆள்! மூணு மாச வேலை. தலையில கை வெச்சு உக்காந்துட்டு, அப்புறம் ஊருக்கெல்லாம் சொல்ற யோசனையை நானே செஞ்சேன். நாலு வரி மெயில். உரிமை அந்தப் புத்தகத்தை எழுதின அம்மாகிட்டயே இருந்தது, அது என் அதிர்ஷ்டம். "படிவத்துல அந்தக் கட்டத்தை டிக் பண்ணினது எனக்கு ஞாபகமே இல்ல, தாராளமா அனுப்புங்க, எனக்கும் ஒரு பிரதி வேணும்"னு பதில் வந்தது. அவங்களுக்குத் தமிழ் தெரியாது.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.