மழையே மறந்துபோன இங்கிலாந்து! 1976 கதை

வணக்கம் மக்களே. கேமரா ஆடுதா? இருங்க, இந்த பிஸ்கட் டப்பா மேல வச்சிடுறேன்... ஆங், சரி.

என் கையில இருக்கிறதப் பாருங்க. பழைய 50 பென்ஸ் காசு, ஏழு மூலை. இப்ப இருக்கிறதுக்கும் ஏழு மூலைதான், ஆனா பக்கத்துல வச்சா இது பெரியண்ணன் மாதிரி இருக்கும். 1997லதான் சின்னதாக்கினாங்க. மேசையில போடுறேன், சத்தம் கேளுங்க. டங்!

ரெண்டு வீடு தள்ளி இருக்கிற பாட்டி குடுத்தது. 1976ல அவங்க லண்டன்ல ஒரு வாடகை ரூம்ல இருந்தாங்க. மீட்டர்ல காசு போட்டாத்தான் கரண்ட். வியாழக்கிழமை சாயந்திரம் பிபிசி டிவில டாப் ஆஃப் த பாப்ஸ்னு பாட்டு நிகழ்ச்சி ஓடிட்டிருக்கும், பாதிப் பாட்டுல பொட்டுனு எல்லாம் அணைஞ்சிடுமாம். அதுக்குன்னே 50 பென்ஸ் காசு கிடைச்சா செலவு பண்ணாம டீத்தூள் டப்பாவுல ஒளிச்சு வைப்பாங்களாம். அதுல தப்பிச்ச ஒண்ணுதான் இது.

சரி, 1976னு சொன்னாலே இங்க வயசானவங்க முதல்ல சொல்றது வெயிலைத்தான். ஜூன் 23ல இருந்து ஜூலை 7 வரைக்கும், 15 நாள் விடாம, இங்கிலாந்துல எங்கயாவது ஒரு ஊர்ல 32 டிகிரியத் தாண்டிச்சு. "அது எங்க ஊர்ல மார்கழி மாசம்ப்பா"ன்னு கமெண்ட் போடப் போறீங்க, தெரியும்! ஆனா இந்த ஊர் வீடுங்க சூட்டை உள்ளயே பிடிச்சு வைக்கிற மாதிரி கட்டினது. ஃபேன் மாட்ட கொக்கி கூட கிடையாது.

முந்தின வருஷமும் மழை சரியில்ல, குளிர்காலமும் காஞ்சுபோச்சு. ஏரியெல்லாம் பாளம் பாளமா வெடிச்சிருச்சு. ஆகஸ்ட்ல வறட்சிச் சட்டமே கொண்டுவந்தாங்க. சில ஊர்ல வீட்டுக் குழாயை மூடிட்டு தெருவுல குழாய் நட்டாங்க. பக்கெட்டும் கையுமா ஜனங்க நிக்கிற ஃபோட்டோ இருக்கு. தண்ணி லாரி பின்னாடி ஓடி வளர்ந்தவன் நான். என்னடா இது, லைன்ல ஒருத்தர் கூட சண்டை போடலையேன்னு பார்த்துட்டே இருந்தேன்.

பொறிவண்டு வேற. சிவப்புல கறுப்புப் புள்ளி, எவ்ளோ அழகான பூச்சி! அந்த வருஷம் கூட்டம் கூட்டமா வந்து, தின்ன எதுவும் கிடைக்காம, மனுஷனைக் கடிச்சிருக்கு.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வரேன். லண்டன்ல இருக்கிற ஓவல் கிரிக்கெட் மைதானம். புல்லே இல்ல, மொத்தமும் காக்கி கலர். வெஸ்ட் இண்டீஸ் டீமை மண்டியிட வைப்பேன்னு தொடருக்கு முன்னாடி டிவில சொன்னவர் இங்கிலாந்து கேப்டன் டோனி கிரேக். தென்னாப்பிரிக்காவுல பொறந்த வெள்ளைக்காரர், அங்க நிறவெறி ஆட்சி நடந்துட்டிருந்த காலம். எதிர்ல கறுப்பின வீரர்கள் நிறைஞ்ச டீம். அந்த வார்த்தை எப்படிச் சுட்டிருக்கும்? ஓவல்ல வெஸ்ட் இண்டீஸோட விவ் ரிச்சர்ட்ஸ் 291 ரன். பவுலருக்கு உதவாத செத்த பிட்ச்ல அவங்க பவுலர் மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட். கிரேக்கை ரெண்டு இன்னிங்ஸ்லயும் ஸ்டம்பைத் தெறிக்க விட்டார்! கடைசில கிரேக்கே கரீபியன் ரசிகர்கள் முன்னாடி தரையில தவழ்ந்து காட்டினார். அந்த மனுஷனை எனக்கு முழுசா வெறுக்க முடியலைன்னா, அதுக்கு இது ஒண்ணுதான் காரணம்.

எல்டன் ஜானும் கிக்கி டீயும் சேர்ந்து பாடின பாட்டு அப்போ ஆறு வாரம் நம்பர் ஒன். பாட்டி இன்னமும் முணுமுணுப்பாங்க. எனக்கு அவ்வளவா ஒட்டல, மன்னிச்சிடுங்க. அதே வருஷம் பவுண்டு சரிஞ்சு, அரசாங்கம் ஐஎம்எஃப்கிட்ட, அதாவது சர்வதேச நாணய நிதியத்துகிட்ட, 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்னுச்சு. பாட்டி அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. வெயில் மட்டும்தான் ஞாபகம் இருக்கு!

ஆகஸ்ட் கடைசில, விளையாட்டு அமைச்சரா இருந்த டெனிஸ் ஹோவெல்கிட்ட வறட்சியையும் பார்த்துக்கன்னு குடுத்தாங்க. சில நாள்லயே மழை கொட்டிருச்சு. இப்படி ஒரு ராசி!

"அத்தனை நாள் கழிச்சு மழை வந்தப்ப என்ன பண்ணீங்க, நனைஞ்சீங்களா?"ன்னு பாட்டிகிட்ட கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "துணி காயப் போட்டிருந்தேன்ப்பா. எடுக்க ஓடினேன்."