தங்கவயலுக்கு ரயில் ஏறிய வடாற்காடு

[திரையில்: குடியாத்தம் ரயில் நிலையம், விடியற்காலை. மேற்கே போகும் வண்டி கிளம்புகிறது.]

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்தில் ஒரு சேரித் தெருவுக்குள் போய் வயசானவர்களிடம் "உங்க சொந்தக்காரங்க யாராவது தங்கவயல்ல இருக்காங்களா"ன்னு கேட்டுப் பாருங்க, பத்து வீட்டில் நாலு வீட்டிலாவது ஆள் இருக்கும். அத்தையைக் கொடுத்த வீடு, பெரியப்பா போய்த் தங்கிட்ட வீடு, இப்படி ஏதாவது ஒன்று. என் பாட்டிக்கு மைசூர் என்றாலும் கர்நாடகா என்றாலும் ஒன்றும் புரியாது, "வயல்" என்றால் மட்டும் உடனே புரியும். அவங்க அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது.

கர்நாடகாவில் இருக்கிற தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்கவயலைப் பற்றி வீடியோக்கள் நிறைய வந்துவிட்டன. எத்தனை டன் தங்கம், எத்தனை அடி ஆழம், எந்த வெள்ளைக்காரர் பங்களா என்றுதான் அவை பேசும். நான் கேட்க நினைப்பது வேறு. அவ்வளவு ஆபத்தான குழிக்குள் நம்ம மாவட்டத்து ஜனங்கள் ஏன் போனார்கள்? யாரும் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போகவில்லை, தாங்களே ரயில் ஏறிப் போனார்கள், பேரணாம்பட்டு மலைப்பாதை ஏறி வி.கோட்டா வழியாக நடந்தும் போனார்கள். அதற்குப் பதில் சுரங்கத்துக்குள் இல்லை, நம்ம ஊரில் இருக்கிறது.

முதலில் ஒரு தப்பான கதையைச் சரி பண்ணிக்கலாம். தங்கத்தைக் கண்டுபிடித்தது வெள்ளைக்காரர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1802-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி மைசூர் எல்லையை அளக்க வந்தபோது, இந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டினால் பரிசு தருகிறேன் என்று அறிவித்தார். உரிகம் பக்கத்து ஜனங்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரிலேயே கழுவி, தங்கத் துகளைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் அவர் பார்த்ததையும் எழுதி வைத்திருக்கிறார். பறையர் சமூகத்து ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டி, கூடையில் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அந்தக் கல்லைப் பொடியாக இடித்தார்கள். அதாவது அவர் வருவதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே அங்கே சுரங்கம் நடந்துகொண்டிருந்தது, நடத்தினவர்கள் யார் என்பதும் அவர் கையாலேயே பதிவாகியிருக்கிறது.

அப்புறம் 1870-களில் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார், ஆனால் முதலீடு போதவில்லை. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற சுரங்கக் கம்பெனி உள்ளே வந்தது. முதல் சில வருஷம் அவர்களுக்கும் கையைக் கடித்ததுதான். பழங்காலத்துக் குழிகளைக் கவனித்து, அவற்றை ஒட்டிக் கீழே கீழே தோண்டினபோதுதான் சாம்பியன் ரீஃப் என்ற பெரிய தங்க ரேகை கிடைத்தது. பேர் தெரியாத நம்ம முன்னோர் விட்டுப்போன குழிதான் கம்பெனிக்கு வழிகாட்டியிருக்கிறது.

[திரையில்: பழைய வட ஆற்காடு மாவட்ட வரைபடம். சித்தூர் அதற்குள் இருக்கிறது, 1911-ல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது.]

சரி, இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1876-ல் தொடங்கி 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே சூறையாடியது. வடாற்காடும் தப்பவில்லை. அந்தப் பஞ்சத்துக்கு முன்பே நிலமில்லாத ஜனங்களின் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். பண்ணையாள், படியாள். அப்பன் வாங்கின கடனுக்கு மகன் ஏர் ஓட்டணும், மகன் கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்குப் பேரன் ஓட்டணும். கூலி காசாக வராது, படியில் அளந்து வரும். செருப்புப் போட்டு ஊர்த் தெருவில் நடக்க முடியாது, பொதுக் கிணற்றில் தண்ணி எடுக்க முடியாது. அப்படிப்பட்டவனிடம் சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கிற ஒரு மேஸ்திரி வந்து, மலைக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு, கூலியைக் காசாகக் கையில் கொடுப்பான், அங்கே உன்னை எவனும் ஒதுங்கி நில்லுன்னு சொல்ல மாட்டான் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்?

1860-களிலேயே சென்னையிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1890-களில் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, சுரங்கத்துக்கே கிளைப் பாதை போட்டார்கள். குடியாத்தத்தில் ஏறினால் அன்றைக்கே மாரிக்குப்பத்தில் இறங்கிவிடலாம். பண்ணைக்காரர் தேடிக்கொண்டு வருவதற்குள் ஆள் வேற சமஸ்தானத்தில் இருப்பான். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏன்னா வறுமையால் பிழைக்கப் போனார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். மறுபாதி, அவர்கள் சாதியை விட்டுத் தப்பிப் போனார்கள்.

தப்பிப் போனவர்களுக்கு அங்கே சொர்க்கம் கிடைத்துவிடவில்லை. மூங்கில் தட்டியால் கட்டின ஒற்றை அறை, தட்டி வீடு என்பார்கள். வேலை பெரும்பாலும் கான்ட்ராக்டர் வழியாகத்தான் வரும். குழியிலிருந்து மேலே வந்தால் தங்கம் திருடினாயா என்று உடம்பைச் சோதிப்பார்கள். ஆனாலும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. 1900-களின் தொடக்கத்திலேயே, சாதிக்கு எதிராகப் பௌத்தத்தை முன்வைத்த அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் தங்கவயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில் இயங்கின. அவர் நடத்தின 'தமிழன்' பத்திரிகையை அவர் காலத்துக்குப் பிறகு 1920-களில் மறுபடி கொண்டுவந்தது தங்கவயல்காரர்கள்தான், ஜி. அப்பாதுரையார் முன்னின்று நடத்தினார். பகலில் பாறை உடைத்துவிட்டு வந்தவர்கள் ராத்திரியில் பள்ளி நடத்தினார்கள், பத்திரிகை படித்தார்கள். 1954-ல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். வடாற்காட்டு ஊர்களில் அம்பேத்கர் படம் மாட்டின வீடுகளில் பலவற்றுக்கு அந்தப் படமும் அந்தச் சிந்தனையும் இந்தக் கிளை ரயிலில்தான் வந்தன என்று நான் நம்புகிறேன்.

[திரையில்: சுரங்கத்தின் குறுக்குவெட்டுப் படம். கூண்டு கீழே இறங்குகிறது.]

இப்போது குழிக்குள் போகலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. நம்ம ஏலகிரி மலை மாதிரி இரண்டு மலையை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் எட்டாத ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். கூண்டில் இறங்கி, நடந்து, மறுபடி இன்னொரு கூண்டில் இறங்கி வேலை செய்யும் இடத்துக்குப் போகணும்.

அந்த ஆழத்தில் பாறையின் மேல் இருக்கும் அழுத்தம் கொஞ்சநஞ்சமல்ல. நடுவில் இருக்கிற கல்லை நாம் வெட்டி எடுத்துவிட்டால், சுற்றியுள்ள பாறை அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் திடீரென்று வெடித்துச் சிதறும். தங்கவயலில் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரம் உருளும், சுவர் விரியும், பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கூண்டு இறங்குகிற குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள். கீழே இருப்பது தன் ஆளா இல்லையா என்று தெரியும்வரை அங்கேயே நிற்பார்கள்.

ஆனால் ஏர் பிளாஸ்டுக்குச் சத்தம் இருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. சத்தமே இல்லாமல் கொன்றது தூசி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ளணும்.

தங்கம் எதில் இருக்கிறது? வெங்கச்சங்கல்லில். சின்ன வயசில் இரண்டு கல்லை உரசித் தீப்பொறி வரவழைப்போமே, அதே வெள்ளைக் கல். அது முழுக்க சிலிகா, மணலில் இருக்கிற அதே பொருள். தங்கம் வேண்டுமென்றால் அந்தக் கல்லைத்தான் துளைக்கணும், வெடி வைக்கணும், பொடியாக்கணும். துளைக்கும்போது பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலேயே, தொண்டையிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போகிறது. அங்கே நம்ம உடம்பின் காவல் செல்கள் அதைத் தின்று செரிக்கப் பார்க்கின்றன, கல்லைச் செரிக்க முடியாமல் அவையே சாகின்றன, செத்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதுதான் சிலிகோசிஸ். இதற்கு இன்றைக்கும் குணப்படுத்தும் மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும், அதோடு காசநோய்க் கிருமிக்கும் அந்த நுரையீரல் சுலபமான இடம். ஊரில் "அவருக்கு டிபி, வயல்ல இருந்து கொண்டுவந்தார்" என்று சொல்லி முடித்துவிட்ட எத்தனையோ சாவுகளுக்குப் பின்னால் இந்தக் கல் தூசி இருந்திருக்கும்.

இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் ஆராய்ந்து பதிவு செய்யப்பட்டது கோலார் தங்கவயலில்தான். 1940-களில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு 40-க்கும் மேல் இந்த நோய் இருந்தது. ஐந்து பேர் கூண்டில் நின்றால் இரண்டு பேர்! துளைக்கும்போது தண்ணீர் விட்டால் தூசி பெருமளவு அடங்கும் என்பது அதற்கு முன்பே உலகச் சுரங்கங்களில் தெரிந்த விஷயம், அதனால்தான் இந்த எண்ணை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

தொழிலாளர்கள் வாய் மூடி இருக்கவில்லை. 1930-ல் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்யணும் என்று கொண்டுவந்தபோது, எங்களைக் குற்றவாளி மாதிரி நடத்துகிறீர்கள் என்று சுரங்கம் முழுக்க வேலையை நிறுத்தினார்கள். 1946-ல் இன்னொரு நீண்ட வேலைநிறுத்தம், அந்த வருஷம் நவம்பரில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். தங்கவயலில் இன்றும் அவர்களை நினைவுகூர்கிறார்கள். நம்ம மாவட்டத்துப் பள்ளிப் பாடத்தில் நான் அதைப் படித்ததில்லை.

[திரையில்: சிவசமுத்திரம் அருவி, பிறகு பேத்தமங்கலம் ஏரி.]

சுரங்கத்துக்கு வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள், பெங்களூர் நகரத்துக்கே 1905-ல்தான் கிடைத்தது. தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து. அது எந்த ஆற்றின் ஏரி தெரியுமா? நம்ம பாலாறு. ஆளும் இங்கிருந்து போனான், ஆற்றுத் தண்ணியும் இங்கே வருவதற்கு முன் அங்கே நின்றது. பாலாறு காய்ந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மேலே எத்தனையோ ஏரி, தடுப்பணை, கீழே நாமே அள்ளின மணல், எல்லாம் சேர்ந்ததுதான்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு, 1972-லிருந்து பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம். ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது, கல்லில் தங்கம் குறைந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில் கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. 2001 பிப்ரவரி கடைசியில் மூடினார்கள். 120 வருஷத்தில் எடுத்தது சுமார் 800 டன்.

800 டன் போய்விட்டது, மிச்சம் அங்கேயே கிடக்கிறது. கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய சேறு, 3 கோடி டன்னுக்கு மேல், குன்று குன்றாக ஊருக்கு நடுவே நிற்கிறது. சயனைடு மேடு என்றுதான் பேர். பேரைக் கேட்டு எல்லோரும் சயனைடுக்குப் பயப்படுகிறார்கள், ஆனால் வெயிலிலும் காற்றிலும் சயனைடு மெல்ல மெல்லச் சிதைந்துபோகும், சிதையாதது அந்த அரைத்த கல். ஆடிக் காற்றடிக்கும்போது அது பறந்து சோற்றில் விழுகிறது, மூக்கில் ஏறுகிறது. குழிக்குள் ஆண்கள் மட்டும் சுவாசித்த மாவை மேலே குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

சுரங்கம் மூடின பிறகு அந்தக் குடும்பங்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றன, ராத்திரி திரும்புகின்றன. நாலு தலைமுறைக்கு முன் வந்த அதே கிளைப் பாதைதான், இப்போது வேறு திசையில் போகிறார்கள்.

[திரையில்: வெட்டப்பட்ட மலை, கல் அரைக்கும் கிரஷர், வெள்ளைத் தூசி.]

இது தங்கவயல் இல்லை. நம்ம வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துக் கல்குவாரிகள் மாதிரியான ஒரு குவாரிதான். இந்தக் கருங்கல்லிலும் சிலிகா இருக்கிறது. உங்க வீட்டில் யாராவது குவாரியிலோ கிரஷரிலோ கல் செதுக்கும் பட்டறையிலோ வேலை செய்தால், வாயில் கட்டுகிற துண்டு அந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது என்று அவர்களுக்குச் சொல்லுங்க. தண்ணீர் தெளித்துத்தான் துளைக்கணும், அரைக்கணும், அதைக் கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. மூச்சு வாங்கினால் டாக்டரிடம் இருமல் என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதையும் சொல்லணும், இல்லையென்றால் டிபி மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். சிலிகோசிஸ் சட்டப்படி தொழில் நோய், இழப்பீடு கேட்கலாம்.

இன்னொன்று. உங்க வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப் பெட்டியில், தங்கவயல் டோக்கனோ, வேலைச் சீட்டோ, சம்பளச் சீட்டோ, பழைய எக்ஸ்ரே படமோ இருந்தால் தூக்கிப் போடாதீங்க. போட்டோ எடுத்து, எந்த ஊரிலிருந்து யார் எந்தச் சுரங்கத்துக்குப் போனார்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்க. ஒவ்வொரு கிராமமாக வடாற்காட்டு வரைபடத்தில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். என் பாட்டியின் அக்கா போன ஊரை முதல் புள்ளியாக வைத்திருக்கிறேன்.